280 ரிங்கிட் ‘ஒரிஜினல்’ கத்தானா வாங்கலாமா?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 24. வீட்டு ஹாலில் மாட்டி வைக்க ஒரு சாமுராய் வாள் வேண்டும், முடிந்தால் அதை வைத்துக் கொஞ்சம் பயிற்சியும் செய்ய வேண்டும். கையில் 1,500 ரிங்கிட் வரை இருக்கிறது. ஆனால் ஆன்லைனில் 280 ரிங்கிட்டுக்கே ‘ஒரிஜினல் ஜப்பான் கத்தானா, கைவேலை, ரொம்பக் கூர்மை’ என்று படத்தோடு போட்டிருக்கிறார்கள். அதையே வாங்கிவிடலாமா, இல்லை பணம் போட்டு வேறு பார்க்க வேண்டுமா என்பது அவர் கேள்வி.

அந்த 280 ரிங்கிட் வாளை வாங்காதீர்கள் தம்பி. சுவரில் மாட்டினால் ஒன்றும் ஆகாது. ஆனால் ‘கொஞ்சம் பயிற்சி’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குப் பயம். மாட்டி வைத்ததை ஒரு நாள் எடுத்து வீசிப் பார்க்காத ஆளை நான் பார்த்ததில்லை.

முதலில் அந்த ‘ஒரிஜினல்’ கதையை முடித்துவிடுவோம். ஜப்பானில் வாள் அடிக்க உரிமம் பெற்ற கொல்லர்களுக்கு மட்டுமே அனுமதி. அவர்களும் மாதத்துக்கு இரண்டு நீள வாளுக்கு மேல் செய்யக் கூடாது. தமஹகானே என்ற எஃகு, இரும்பு மணலையும் கரியையும் மண் உலையில் போட்டு இரவு பகலாக எரித்து எடுப்பது. ஷிமானே மாநிலத்து ஒகுஇசுமோவில் 1977-இல் மறுபடி மூட்டிய உலையிலிருந்துதான் இன்றைய கொல்லர்களுக்கு அது போகிறது. செய்த ஒவ்வொரு வாளுக்கும் பதிவுச் சீட்டு உண்டு. நாட்டை விட்டு வெளியே அனுப்பும்போது அந்தச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அங்குள்ள கலாச்சாரத் துறையிடம் ஏற்றுமதிச் சான்று வாங்க வேண்டும். இத்தனையும் தாண்டி வரும் வாள் பல்லாயிரம் ரிங்கிட். ஆகவே ‘ஜப்பான் ஒரிஜினல்’ என்று யார் சொன்னாலும் ஏற்றுமதிச் சான்றின் படத்தைக் கேளுங்கள். பேச்சு அதோடு நின்றுவிடும்.

நாம் வாங்கக்கூடியதெல்லாம் இன்றைய மறுபடைப்புகள்தான். பெரும்பாலும் சீனாவின் செஜியாங் மாநிலத்து லோங்சுவான் ஊரில் செய்தவை. பரம்பரை பரம்பரையாக வாள் அடிக்கும் ஊர் அது. சீனத்து வேலை என்று முகம் சுளிக்காதீர்கள். ஒரே தெருவில் உருப்படியான வாளும் செய்வார்கள், ஆளைக் கொல்லும் குப்பையும் செய்வார்கள். எது எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் நம் வேலை.

நான் செம்பனை எண்ணெய் ஆலைப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவன். அதனால் வாளின் அலகைப் பார்ப்பதற்கு முன்னால் கைப்பிடிக்குள் என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பேன். எங்கள் ஊரில் ஒரு பையன் தன் வாளைக் கொண்டுவந்து, “அங்கிள், ஆடுது, கொஞ்சம் டைட் பண்ணிக் கொடுங்க” என்றான். கைப்பிடியின் ஓரத்தில் வட்டமாக ஒரு மூங்கில் முளை, அதாவது ஆணி மாதிரி அடிக்கும் குச்சி, தெரிந்தது. தட்டினால் வெளியே வர வேண்டும். வரவில்லை, ஏனென்றால் அது முளையே இல்லை, மேலே ஒட்டிய பொட்டு. கைப்பிடியின் அடி மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு நட்டு. நட்டைத் திருகி எடுத்துக் கைப்பிடியை உருவினேன். அகலமாக இருக்க வேண்டிய அலகு, கைக்காவலை (அலகுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் இருக்கும் தட்டு) தாண்டியதும் திடீரென்று முடிந்து, அதன் முதுகில் 8 மில்லிமீட்டர் கம்பி ஒன்றை வெல்டிங் வைத்திருந்தார்கள். அந்த வெல்டிங்கிலும் பாதி பிடிக்கவில்லை. பிடிக்காத பாதியில் ஒரு விரிசல், விரிசலுக்குள் பழுப்பாகத் துரு. துரு ஏறியிருக்கிறது என்றால் அந்த விரிசல் அன்றைக்கு விழுந்ததல்ல, வாங்கும்போதே இருந்திருக்கும். இன்னும் நாலு வீச்சு வீசியிருந்தால் 70 சென்டிமீட்டர் இரும்பு கையை விட்டுப் பறந்திருக்கும். லயத்துப் பின்புறம் துணி காயப்போட யாராவது நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். டைட் பண்ணிக் கொடுக்கவில்லை. அலகை இரண்டாக வெட்டி இரும்புக் கடையில் போடச் சொல்லி அனுப்பினேன்.

ஒழுங்கான வாளில் அலகும் கைப்பிடிக்குள் போகும் வால் பகுதியும் ஒரே துண்டு எஃகு. ஜப்பானியர் இந்த வாலை நககோ என்பார்கள். கைப்பிடி நீளத்தில் மூன்றில் இரண்டு பங்காவது அது உள்ளே ஓட வேண்டும், அகலமும் சட்டென்று குறையக் கூடாது. மரக் கைப்பிடியையும் நககோவையும் ஊடுருவி மெகுகி என்ற மூங்கில் முளை அடித்திருக்கும், சிலவற்றில் இரண்டு. இவ்வளவு பெரிய வாளை இத்தனை சின்ன மூங்கில் பிடிக்குமா என்று சந்தேகம் வரும். பிடிக்கும், கைப்பிடியின் மரம் நககோவை இறுகக் கவ்வியிருந்தால். பாரத்தைத் தாங்குவது அந்த இறுக்கம்தான், முளை நழுவாமல் காவல் காக்கிறது. மலிவு வாளில் மரத்தைத் தாராளமாகக் குடைந்துவிட்டு, இடைவெளியில் காகிதமோ பசையோ திணித்திருப்பார்கள். வாங்குமுன் விற்பவரிடம் “கைப்பிடியைக் கழற்றி நககோவைப் படம் எடுத்து அனுப்புங்கள்” என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் அலுத்துக்கொள்ளாமல் அனுப்புவார். “கழற்ற முடியாது பாஸ், பெர்மனன்ட்” என்று பதில் வந்தால் கும்பிடு போட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பு இருந்தால் உறையோடு பிடித்து லேசாகக் குலுக்குங்கள். கடகடவென்று சத்தம் வரக் கூடாது. ஹபாகி என்ற பித்தளைப் பட்டைதான் வாளை உறை வாயில் கவ்விப் பிடிக்கிறது. உறையைக் கொஞ்சம் கவிழ்த்தாலே வாள் தானாக வழுக்கி வெளியே வந்தால், என்றோ ஒரு நாள் யாருடைய காலிலோ விழும். கைக்காவலை விரலால் அசைத்துப் பாருங்கள், ஆடக் கூடாது. கைப்பிடிச் சுற்றுக் கயிற்றைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளுங்கள், நகரக் கூடாது. அடியில் திருக்கைத் தோல் இருக்கும், மலிவில் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் இருந்தால் குடி முழுகாது, கயிறு நகர்ந்தால்தான் கவலை.

சரி, எஃகுக்கு வருவோம். விளம்பரத்தில் 1045, 1060, 1095 என்று எண் போட்டிருப்பார்கள். கடைசி இரண்டு எண்தான் கரிமத்தின் அளவு: 0.45 சதவீதம், 0.60, 0.95. கரிமம் கூடினால் கடினமாகும், கூர் நிற்கும். சூடு போடும் வேலையில், அதாவது காய்ச்சிக் குளிரவைத்துப் பதமேற்றுவதில், கோட்டை விட்டால் அதே அளவுக்கு நொறுங்கவும் செய்யும். டி10 என்பது சுமார் 1 சதவீதக் கரிமம் உள்ள கருவி எஃகு. 9260 என்பது ஸ்பிரிங் எஃகு, சிலிக்கான் 2 சதவீதம் அளவுக்கு இருக்கும், வளைத்துவிட்டால் திரும்ப நிமிரும். நம் ஊரில் பாராங் அடிப்பவர்கள் லாரி ஸ்பிரிங் பட்டையைத் தேடிப் போவது சும்மா இல்லை. அதுவும் இந்தக் குடும்பத்து எஃகுதான். முதல் வாளுக்கு 1060 அல்லது 9260 போதும். 1095 வாங்கினால்தான் கௌரவம் என்று நினைக்க வேண்டாம். எண்ணைவிட சூடு போட்டவரின் கைதான் முக்கியம், 1095-ஐக் கெடுக்கிற அளவுக்கு 1060-ஐக் கெடுக்க முடியாது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாளா, மாட்டி வைப்பதோடு சரி. 420, 440 என்று எழுதியிருப்பதெல்லாம் அதுதான். சமையல் கத்தி நீளத்துக்கு அருமையான பொருள். முக்கால் மீட்டர் நீளத்துக்கு இழுத்து, எதன் மீதாவது மோதவிட்டால் முறியும். துருப்பிடிக்காது என்பதை விளம்பரத்தில் முதல் வரியில் எழுதுவார்கள், முறியும் என்பதை எங்கேயும் எழுத மாட்டார்கள்.

அப்புறம் அந்த அலை அலையான வெள்ளைக் கோடு, ஹமோன். அலகின் மேல் களிமண் பூசுவார்கள், முதுகில் கெட்டியாக, கூர்ப்பக்கம் மெல்லியதாக. பிறகு காய்ச்சித் தண்ணீரில் இறக்குவார்கள். மெல்லிய பக்கம் வேகமாகக் குளிர்ந்து கடினமாகும், முதுகு மெதுவாகக் குளிர்ந்து மென்மையாகவே இருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் விழும் எல்லைதான் ஹமோன். வாளின் வளைவு கூடப் பெரும்பாலும் இந்தக் குளியலில் விழுவதுதான். மலிவு வாளில் ஆசிட்டாலோ கம்பி பிரஷ்ஷாலோ கோட்டை வரைந்துவிடுவார்கள். விளக்கின் கீழ் அலகைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். உண்மையானதில் கோட்டின் ஓரம் மங்கலாக, உள்ளே பொடிப்பொடியாக மினுங்கும், கோணத்துக்குக் கோணம் மாறும். வரைந்தது எந்தக் கோணத்திலும் ஒரே மாதிரி, நீளம் முழுக்க ஒரே அளவு அலையாக இருக்கும். உண்மையான ஹமோன் உள்ள வாள் கண்ணுக்கு அழகு. ஆனால் தப்பாக வெட்டினால் வளைந்து அப்படியே நின்றுவிடும், ஸ்பிரிங் எஃகு போலத் திரும்பாது. புதிதாகக் கற்றுக்கொள்ளும் ஆளுக்கு அழகைவிட மன்னிக்கிற குணமுள்ள வாள்தான் நல்லது. ‘ஆயிரம் மடிப்பு டமாஸ்கஸ்’ என்பதற்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அந்தக் காலத்தில் மடித்து அடித்தது எஃகில் இருந்த கசடைப் போக்கவும் கரிமத்தைச் சமமாகப் பரப்பவும். இன்றைய ஆலை எஃகில் அந்தக் கசடே இல்லை, மடிப்பு வெறும் கோலம்தான்.

இவ்வளவு சொன்னாலும், உங்களுக்கு நான் கூர்மையான வாளையே சிபாரிசு செய்யப் போவதில்லை. மாட்டி வைக்கவும் வேண்டும், பயிற்சியும் வேண்டும் என்றால் அதற்கென்றே ஒரு பொருள் இருக்கிறது. ஐயிட்டோ என்று பெயர். துத்தநாகமும் அலுமினியமும் கலந்த உலோகத்தில் வார்த்தது. கூர் கிடையாது, கூர் வைக்கவும் முடியாது, துருவும் பிடிக்காது. மேலே முலாம் பூசியிருப்பதால் ஹாலில் மாட்டினால் அசல் மாதிரியே மின்னும். ஐயாய்டோ கற்றுக்கொள்பவர்கள் உறையிலிருந்து உருவி, வீசி, திரும்ப உறையில் போடும் பயிற்சியை இதில்தான் செய்கிறார்கள். உறைக்குள் போடும்போதுதான் ஆரம்பக்காரர்களின் இடது கை கட்டைவிரல் போகும், தம்பி. கூர் இல்லாததன் அருமை அப்போது தெரியும். ஜப்பானில் கிஃபு மாநிலத்து செகி பக்கம் செய்தது அஞ்சல் செலவோடு உங்கள் 1,500-ஐத் தொடும், கொஞ்சம் தாண்டவும் செய்யும். சீனத்து ஐயிட்டோ அதில் பாதிக்குக் கிடைக்கும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ஐயிட்டோவைக் கொண்டு எதையும் வெட்டக் கூடாது, இன்னொரு வாளோடு மோதவும் கூடாது. வார்த்த உலோகம், முறியும்.

நீளம் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானியர் ஷாக்கு என்ற அளவில் சொல்வார்கள், ஒரு ஷாக்கு 30.3 சென்டிமீட்டர். கத்தானா என்றால் அலகு இரண்டு ஷாக்குவுக்கு மேல். 170 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 2.35, 2.4 ஷாக்கு சரியாக வரும், அதாவது 71, 73 சென்டிமீட்டர். ஐயிட்டோ ஒரு கிலோவுக்குள் இருக்கும், எஃகு வாள் ஒரு கிலோவைத் தாண்டும். படத்தில் கம்பீரமாகத் தெரிகிறது என்று நீளமானதை எடுத்தால் உறையிலிருந்து முழுசாக உருவவே கை எட்டாது. அலகில் ஓடும் நீளப் பள்ளம் இரத்தம் வடிவதற்கு என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். எடை குறைக்கத்தான் அது. அலகைச் சாய்க்காமல் நேராக வீசினால் விர்ரென்று சத்தம் வரும், பயிற்சிக்கு அது உதவி.

இனிமேல்தான் நம் நாட்டுச் சங்கதி, இதை அவசரமாகப் படித்துத் தாண்ட வேண்டாம். 1958-ஆம் ஆண்டின் அரிக்கும், வெடிக்கும் பொருள்கள் மற்றும் அபாயகர ஆயுதங்கள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் 6(1) பிரிவின்படி, சட்டப்படியான காரணம் இல்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்தால் 5 ஆண்டுக்குக் குறையாத, 10 ஆண்டுக்கு மேற்படாத சிறை, பிரம்படியும் உண்டு. அதே சட்டத்தில் தனிப் பட்டியல் போட்ட ஆயுதங்களும் உண்டு, அவற்றை விற்பதும் வைத்திருப்பதுமே குற்றம். ஆகவே காசு கட்டுவதற்கு முன்னால் மாவட்டப் போலீஸ் தலைமையகத்துக்குப் போங்கள். வாங்க நினைக்கும் பொருளின் படம், அளவு, கூர் இல்லை என்ற விவரம், எதற்காக வாங்குகிறீர்கள் என்பது எல்லாவற்றையும் ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்துப் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதென்றால் சுங்கத் துறையிடமும் அப்படியே. ‘எல்லாரும் வாங்குறாங்க’ என்பது கோர்ட்டில் செல்லாது. கூர் இல்லாத வாள்தானே என்றும் நினைக்காதீர்கள், ரோட்டில் நிறுத்துகிற போலீஸ்காரருக்குத் தூரத்திலிருந்து அதெல்லாம் தெரியாது.

வெளிப்படையாகவே சொல்கிறேன். சாமுராய் வாளோடு கும்பல் சண்டை என்று நம் பத்திரிகைகளில் எத்தனை செய்தி பார்த்திருக்கிறோம்! நம் பையன் ஒருவன் மோட்டார் சைக்கிளில் நீளமான பையோடு போனால் யாருக்கும் முதலில் ஐயாய்டோ ஞாபகம் வராது. நண்பனிடம் காட்ட எடுத்துப் போவது, திடலில் நின்று வீடியோ எடுத்துப் போடுவது, கல்யாணத்தில் கேக் வெட்டுவது, இந்த விளையாட்டெல்லாம் கூடாது. பயிற்சிக்குப் போவதாக இருந்தால் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் கெண்டோ, ஐயாய்டோ கற்றுத் தருபவர்கள் இருக்கிறார்கள். முதலில் அங்கே சேருங்கள். அவர்களே முதலில் மர வாளைத்தான் கையில் கொடுப்பார்கள். பொக்கென் என்கிற அந்த மர வாளை வைத்துச் சில மாதம் பழகிவிட்டு, ஆசிரியர் சொல்லும் நீளத்தில் ஐயிட்டோ வாங்குவதுதான் முறை. எதற்காக வைத்திருக்கிறாய் என்று கேட்டால் சொல்வதற்கும் அப்போது ஒரு பதில் இருக்கும்.

கோயிலுக்கு வாங்கலாமா என்றும் இடையில் சிலர் கேட்கிறார்கள். மதுரை வீரன் கையில் கத்தானா எதற்கு? நம் கொல்லரிடம் சொல்லி அரிவாளே அடித்து வையுங்கள்.

‘ஜப்பான்காரன் காலத்து அசல் வாள், தாத்தா தோட்டத்தில் கண்டெடுத்தது’ என்று விற்பவர்களும் உண்டு. கதை நன்றாகத்தான் இருக்கும். 1935-இல் வந்த 95-ஆம் மாதிரி என்ற சார்ஜெண்ட் வாள்தான் அதிகம் போலி செய்யப்படுவது. அசலில் கைப்பிடியே கயிறு சுற்றியது போல வார்த்த உலோகம், மேலே வண்ணம் பூசியிருக்கும், அலகில் வரிசை எண் அடித்திருக்கும். போலியில் எண்ணைப் பொறித்த விதமே காட்டிக்கொடுக்கும், எழுத்தெல்லாம் ஆழமில்லாமல், கோணல்மாணலாக. ‘பழசாக்க’ ஆசிட்டில் ஊறப்போட்ட துரு எல்லா இடத்திலும் ஒரே நிறத்தில் இருக்கும். எதுவானாலும் இதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. 1941 டிசம்பரில் வந்து இறங்கிய ஜப்பான் படையினர் நம் தோட்டங்களிலிருந்து ஆட்களை லாரி லாரியாக சயாம் ரயில் பாதைக்கு ஏற்றிப் போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை, திரும்பி வராதவர்கள் எத்தனையோ பேர். உங்கள் வீட்டில் எண்பது தாண்டிய பெரியவர்கள் இருந்தால், ஐயிட்டோவாகவே இருந்தாலும் ஹாலில் மாட்டுவதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்றால் உங்கள் அறையில் மாட்டிக்கொள்ளலாம்.

எப்படியும் எஃகு வாள்தான் என்று பிற்பாடு முடிவு செய்தால், நம் ஊர் ஈரத்தைக் கணக்கில் வையுங்கள். அலகை விரலால் தொட்டால் அந்த ரேகை சில நாளிலேயே துருவாக எழும்பி நிற்கும். பழைய எண்ணெயை மெல்லிய தாளால் துடைத்துவிட்டு, மிக மெல்லிதாகப் புது எண்ணெய் பூச வேண்டும், இங்கே மாதம் ஒரு முறையாவது. கிராம்பு வாசனை போட்ட சோஜி எண்ணெய் விற்கிறார்கள், தையல் மெஷின் எண்ணெயும் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், சிக்குப் பிடித்துவிடும். நிறைய ஊற்றினால் உறைக்குள் வடிந்து தூசியைச் சேர்க்கும். உறை மரம் மழைக்காலத்துக் கதவு மாதிரி உப்பும், வாள் இறுகி வர மறுக்கும். அப்போது முட்டி மோதி இழுக்காமல் உலர்ந்த அறையில் சில நாள் வைத்தால் தானாக விடும். படுக்கை வாட்டில், கூர்ப்பக்கம் மேலே பார்க்க வையுங்கள். குழந்தைகள் இருக்கும் வீடென்றால் சுவரில் அல்ல, பூட்டிய அலமாரியில். நககோவில் துரு இருந்தால் தேய்க்காதீர்கள், அதை அப்படியே விடுவதுதான் வழக்கம். கொல்லைப்புறத்து வாழை மரத்தை வெட்டிப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும், வாழைச் சாறு எஃகில் கருப்பாகக் கறை பிடித்து லேசில் போகாது. வெட்டிப் பழகுகிறவர்கள் ஊறவைத்துச் சுருட்டிய கோரைப்பாயைத்தான் வெட்டுகிறார்கள், அதுவும் ஆசிரியர் பக்கத்தில் நிற்கும்போது.

உங்கள் 1,500-க்கு என் கணக்கு இது: பொக்கென் ஒன்று இப்போதே. மிச்சத்தை வகுப்புக் கட்டணத்துக்கும் ஐயிட்டோவுக்கும் ஒதுக்குங்கள். பார்சல் வந்ததும் மாட்டுவதற்கு முன்னால் மெகுகி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், ஒவ்வொரு தடவை வீசுவதற்கு முன்னாலும் அதே. மூங்கில் முளை தேயும், உடையும், அதனால் உதிரியாக இரண்டு மூன்று சேர்த்தே வாங்கி வையுங்கள். அவசரத்துக்கு சாப்பிடும் குச்சியைச் சீவி அடிக்கிற வேலை வேண்டாம், நார் குறுக்கே ஓடியிருந்தால் இரண்டே வீச்சில் ஒடிந்துவிடும்.